முப்பதாவது விநாடி

முப்பது விநாடி என்று எழுதியது நான்தான். அதற்கு வேறு யார் தலையையும் உருட்ட முடியாது. ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதிய ஒரு வரி. அந்த வரியால் காரமடையில் ஒரு பெண்ணுக்குப் புருஷன் இல்லாமல் போக இருந்தது.

என் பெயர் பியூலா. சொந்த ஊர் பாளையங்கோட்டை. கோயம்புத்தூருக்கு வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. டிரைவர் எழுதுவது என் தொழில். அம்மா கடைசி வரைக்கும் ஊரில் என்னை டிரைவர் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த ரூட் என்று எதிர்வீட்டில் கேட்டார்களாம். கணினிக்கும் அதன் சேமிப்புத் தட்டுக்கும் நடுவில் நிற்கிற சின்ன நிரல் அது. மேலே இருப்பவர் ஒன்றைக் கேட்பார்; கீழே போய் எடுத்துவந்து கொடுக்க வேண்டும். தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூம் ஊழியரின் வேலைதான், அவருடைய மிடுக்கு மட்டும் கிடையாது.

என் டிரைவருக்கு மேலே இருப்பது கணினி இல்லை, மனித மூளை. விபத்திலோ நோயிலோ புதிதாக எதையும் பதிய முடியாமல் போனவர்களுக்காக எங்கள் கம்பெனி ஒரு சாதனம் செய்கிறது. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் வைக்கும் சட்டைப் பொத்தான் அளவுச் சேமிப்பகம். கம்பெனி அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்தது. ஜனங்கள் 'வில்லை' என்று சொல்லிவிட்டார்கள். விபத்துக்கு முந்திய நினைவெல்லாம் அவர்களுடைய சொந்த மூளையிலேயே இருக்கும். பிந்தியது எல்லாம் வில்லையில்.

எந்தச் சாதனத்துக்கும் எப்போதாவது திணறல் வரும். அப்போது டிரைவர் அதை ஒருமுறை மூடித் திறக்கும். அதற்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் அந்த மனிதருக்கு விபத்துக்குப் பிந்திய காலம் என்று ஒன்று கிடையாது. திறந்ததும் எல்லாம் திரும்பிவிடும். உலகம் முழுக்க ஆறாயிரம் பேருக்கு இது எப்போதாவது நடக்கிறது, யாரும் புகார் சொன்னதில்லை. எங்கள் பதிவுகளில் ஒரே ஒருவருக்கு மட்டும் அது ஒருமுறை ஏழு நிமிடம் நீண்டிருந்தது. பெயர் ரங்கராஜ், வயது நாற்பத்து நான்கு, காரமடையில் மோட்டார் காயில் கட்டுபவர்.

அந்த ஏழு நிமிடத்தின் பதிவை எடுத்துப் படித்தேன். மூடித் திறக்கும் முயற்சி இரண்டு முறை பாதியில் உடைந்திருந்தது. மூன்றாவது முறை உடைந்தால் வில்லை பழுது என்று என் டிரைவர் தீர்ப்பு எழுதி, மூளையிலிருந்து நிரந்தரமாகக் கழற்றிவிடும். அந்த மூன்று என்பது வாழ்நாள் கணக்கு; ஒருமுறை ஏறினால் இறங்காது. அதுவும் என் புண்ணியம்தான். பழுதான சாதனம் ஒருவர் தலைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று நல்லெண்ணத்தில் வைத்தது. கழன்றுவிட்டால் உள்ளே இருப்பது அழியாது, ஆனால் மூளை அதைத் தேடிப் போகும் வழி கலைந்துவிடும். மறுபடி போட முடியாது.

அவரையும் அவர் மனைவியையும் வரச் சொன்னோம். மனைவி மட்டும் தனியாக வந்தார். துளசிமணி என்று பெயர். ஈரமாவு அரைத்து விற்கிற தொழில், மூன்று கிரைண்டர் ஓடுகிறது. கையோடு எனக்கும் ஒரு டப்பா மாவு கொண்டுவந்திருந்தார். ஊரைத் தெரியாது, பேரைத் தெரியாது, மாவு மட்டும் வந்துவிட்டது. எனக்கு அந்த அம்மாளை அப்போதே பிடித்துப்போயிற்று.

எட்டு வருடத்துக்கு முன் ரங்கராஜ் கடையில் ஷாக் அடித்து விழுந்திருக்கிறார். பிழைத்து எழுந்தவருக்கு எதுவும் பதியவில்லை. இரண்டு வருடம் கழித்து வில்லை. அதன் பிறகு, எரிந்துபோன கிரைண்டர் மோட்டாரோடு அவர் கடைப் படி ஏறியவர்தான் துளசிமணி. கல்யாணமாகி நாலு வருடம். ஆக, இந்தப் பெண்ணைப் பற்றி அந்த மனிதருக்குத் தெரிந்தது அத்தனையும் அந்தப் பொத்தானுக்குள் இருக்கிறது. அதற்கு வெளியே அவருக்கு இவர் யாரோ.

அந்த ஏழு நிமிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். துளசிமணி சொன்னார்.

"இதுக்கு முன்னாடி ஏழு தடவை ஆயிருக்குதுங்க. திடீர்னு என்னைப் பார்த்து நீங்க ஆருங்கன்னு கேப்பாருங்க. மொத தடவை பயத்துல வாய்க்கு வந்ததைச் சொன்னேன், மாவு குடுக்க வந்தேனுங்கன்னு. சரிங்கன்னுட்டாரு. அப்புறம் எப்பவும் அதேதான் சொல்றது. ரண்டு நிமிசத்துல பழையபடி ஆயிருவாருங்க. எட்டாவது தடவை மட்டும் எனக்குத் தாங்கலீங்க. அன்னைக்கு எங்க கல்யாண நாளுங்க. நல்லாப் பாருங்க, நான் ஆருன்னு தெரியுதுங்களான்னு கேட்டுப்போட்டேன். தெரியலைன்னாரு. மறுபடியும் கேட்டேன். தேர்ல பார்த்தமே, மருதமலை போனமேன்னு ஒண்ணொண்ணாக் கேட்டுட்டே இருந்தேனுங்க."

அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் தேடி ரங்கராஜின் மூளை ஒரு கோரிக்கையை என் டிரைவரிடம் அனுப்பியிருக்கிறது. வில்லை திறந்துகொண்டிருக்கும்போது பதில் எப்படி வரும்? நான் என்ன செய்திருந்தேன் என்றால், அந்த நேரத்திலும் கோரிக்கையின் கடிகாரத்தை ஓடவிட்டிருந்தேன். முப்பது விநாடி ஆனதும் என் டிரைவர், பதில் வரவில்லை, வில்லை சிக்கிக்கொண்டது என்று முடிவுகட்டி, மூளைக்குத் 'தெரியாது' என்று சொல்லிவிட்டு, திறந்துகொண்டிருப்பதை மறுபடி மூடியிருக்கிறது. அவர் மறுபடி கேட்க, இது மறுபடி மூட. ஆய்வகத்தில் நாங்கள் ஆயிரம் தடவை சோதித்தபோது யாரும் அழுதுகொண்டே கேள்வி கேட்கவில்லை.

மூன்றாவது முறை எப்படித் தப்பியது என்றுதான் புரியவில்லை. அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அடுப்பில் பால் பொங்கிவிட்டது, எழுந்து உள்ளே போனேன் என்றார். அந்தப் பாலுக்கு நான் ஒரு கோயிலே கட்டலாம்.

உண்மையை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. தப்பு என்னுடையது, உங்களுடையது இல்லை என்று அவரிடம் நேராகவே சொன்னேன். சரிசெய்துவிடலாம், பதில் வரும்வரை கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுத்திருக்கும்படி மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன். எழுந்து போகும்போது அவர் வாசலில் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணுங்க மேடம். இப்படி ஆகறது அவருக்குத் தெரியாதுங்க. கண்ணு அசந்துட்டீங்கன்னு சொல்லிப்போடுவேன். தெரிய வேண்டாமுங்க. தெரிஞ்சா நொந்துபோயிருவாருங்க."

அந்த இரண்டு நிமிடத்தில் எதுவும் பதியாது, அவருக்குத் தெரிய வழியே இல்லை, என்னை நம்புங்கள் என்றேன். என்னை நம்புங்கள் என்று சொல்கிற பொறியாளரை யாரும் நம்பக் கூடாது.

முரளிதரன் என் மேலதிகாரி. நல்ல மனிதர், ஆனால் விதி என்று ஒன்று எழுதிவிட்டால் அதைக் கும்பிடுகிற ரகம். முப்பது விநாடியைத் தொடக் கூடாது என்றார். சாலையைக் கடக்கும் ஒருவர் நினைவுக்காகக் காத்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றால் லாரி காத்திருக்குமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"தெரியாதுங்கறதும் ஒரு பதில்தான் பியூலா. அது சீக்கிரம் வந்துட்டா மனுஷன் அடுத்த வேலையைப் பார்ப்பான்."

"அது பதில் இல்ல முரளி, பொய். உள்ளதை எடுக்க முடியல, அவ்வளவுதானே? அதை இல்லைன்னு சொல்லுதோம். பொண்டாட்டியைப் பார்த்து, இப்படி ஒருத்தி இல்லவே இல்லைன்னு நம்ம சொல்லிக்குடுக்கோம் அந்த மனுஷனுக்கு."

இரண்டு நாள் மல்லுக்கட்டி ஒரு வழிக்கு வந்தோம். மூடித் திறக்கும் நேரத்தில் மட்டும் கடிகாரத்தை நிறுத்திவைப்பது, அதுவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல். மற்ற நேரமெல்லாம் பழைய முப்பதே. எங்கள் கம்பெனி டாக்டரும் கையெழுத்துப் போட்டார்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. புது நிரலை ஏற்றுவதற்கே வில்லையை ஒருமுறை மூட வேண்டும். முதல் தொண்ணூறு விநாடி பழைய நிரலின் ஆட்சி. அதற்குள் ஒரே ஒரு கேள்வி முப்பது விநாடி காத்திருந்துவிட்டாலும் மூன்றாவது கணக்கு ஏறிவிடும். மயக்க மருந்து கொடுக்கலாமா என்றால், தூங்கும் மூளைதான் நினைவை அதிகம் கிளறும் என்று டாக்டர் தலையை ஆட்டிவிட்டார். ஆஸ்பத்திரியில் வைத்தால், இது என்ன இடம், எப்படி வந்தேன் என்று அவர் மனசே கேட்க ஆரம்பித்துவிடும்.

துளசிமணிதான் வழி சொன்னார். கடை அவருக்கு விபத்துக்கு முன்னாலிருந்தே தெரிந்த இடம். மோட்டார் வேலை அவர் கையில் இருபது வருடமாக ஊறியது. ஒரு வாடிக்கையாளர் எரிந்த மோட்டாரோடு வந்தால் அவர் வேறு எதையும் யோசிக்க மாட்டார். மாவுக்காரியாக ஏழு தடவை நடித்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமா என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் காரமடையில் அந்தக் கடைக்குப் போனேன். செம்புக் கம்பிச் சுருள்களும் வார்னிஷ் நெடியுமாக ஒரு நீள அறை. வில்லைக்குப் புது நிரல் ஏற்றப் போகிறோம் என்று ரங்கராஜிடம் சொல்லியிருந்தோம். கொஞ்சம் கண் அசரும் என்பதற்கு மேல் சொல்லவில்லை. அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். துளசியின் மாவு எப்படி என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் அவரே அரைமணி நேரம் புகழ்ந்தார். உளுந்து எந்தக் கடையில் வாங்குவாள், எத்தனை மணிக்கு ஊறப்போடுவாள் என்று எல்லாம் சொன்னார். இவ்வளவும் வில்லைக்குள் இருக்கிறது என்ற நினைப்பில் எனக்கு டீ இறங்கவில்லை.

சுவரிலிருந்த இந்த வருடக் காலண்டரைக் கழற்றி ஒளித்தேன். மடிக்கணினியோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். முரளி போனில் இருந்தார். பொத்தானை அழுத்தினேன்.

ரங்கராஜ் ஒருமுறை கண்ணைச் சிமிட்டினார். அந்த முகத்திலிருந்து எட்டு வருடம் இறங்கியதை நான் பார்த்தேன். துளசிமணி அந்நேரம் தெருவிலிருந்து படியேறினார், இடுப்பில் ஒரு பழைய கிரைண்டர் மோட்டாரோடு.

"வாங்க. எரிஞ்சுபோச்சுங்களா?"

"ஆமாங்க. அரைச்சிட்டிருக்கறப்பவே பொகை வந்துருச்சுங்க."

"கொண்டாங்க, பார்க்கலாம்."

இருபது விநாடி, முப்பது, நாற்பது. திரையில் ஒரு கோரிக்கைகூட இல்லை. அவர் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த காயிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். கருகியிருந்தாலும் கட்டு கலையாமல் இருந்தது. நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். சரிங்க என்றார் துளசிமணி. அறுபது விநாடி. நான் மூச்சு விட்டேன்.

ரங்கராஜ் காயிலின் ஓரத்தை விரலால் தடவினார். காயில் கட்டுகிறவர்கள் கடைசியில் கம்பிகளை நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். இவர் நாலு முடிச்சுக்கு ஒருமுறை நூலைத் திருப்பிப் போடுவார். அந்தப் பக்கத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

"இது என்ற கட்டாச்சே" என்றார். "நான் எப்பக் கட்டினேன் இதை?"

வீட்டு மூலையில் கிடந்த எரிந்த மோட்டாரைத் துளசிமணி எடுத்துவந்திருந்தார். அவருக்கு எல்லா எரிந்த மோட்டாரும் ஒன்றுதான். அது போன ஆடியில் ரங்கராஜே கட்டிக் கொடுத்தது. நான் காலண்டரை ஒளித்தவள், இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

திரையில் ஒரு கோரிக்கை வந்து நின்றது. நேரம் அறுபத்து மூன்று. புது நிரல் ஏற இன்னும் இருபத்தேழு விநாடி. கோரிக்கைக்கு முப்பது. நடுவில் மூன்று விநாடி இடைவெளி, அதுவும் ஏற்றம் ஒரு விநாடிகூடத் தாமதிக்காவிட்டால். முரளி போனில் என்னவோ சொன்னார், என் காதில் விழவில்லை. பத்து. பதினெட்டு. துளசிமணிக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கப் போனார். நான் கையைக் காட்டினேன். இருபத்து நாலு. இருபத்து ஏழு. இருபத்து எட்டு.

இருபத்து எட்டில் கடிகாரம் நின்றது. புது நிரல் வந்துவிட்டது.

ரங்கராஜின் முகம் மாறியது. தும்மல் வரப் போகிறவர் நிற்பது போல, காயிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். தெரியாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, பதிலும் வரவில்லை.

"இருங்க" என்றார். "எனக்குத் தெரியும். வந்துட்டிருக்குது."

புது நிரலோடு வில்லை திறக்க வழக்கத்தைவிட நேரமாகும், இன்னும் இரண்டரை நிமிடம். அந்த நேரத்தில்தான் திரையின் அடிப்பகுதியைக் கவனித்தேன். அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் வேறு சில வரிசையில் நின்றன. பதினொன்று, பதினாலு, பதினேழு. அவை கேள்விகள் இல்லை, பதிவுகள். இந்தக் கடை, இந்த நிமிடம், எதிரில் நிற்கும் இந்த வாடிக்கையாளர். பழைய நிரல் இவற்றையெல்லாம் முப்பது விநாடியில் குப்பையில் போட்டிருக்கும். புது நிரல் எதையும் கைவிடாது, அப்படித்தான் அதை நான் எழுதியிருக்கிறேன். வில்லை திறந்ததும் அத்தனையும் உள்ளே போய்விடும். மனைவியை யாரோ என்று நினைத்தது அவருக்கு ஆயுசுக்கும் நினைவிருக்கும்.

துளசிமணிக்குக் கொடுத்த வாக்கு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் லட்சணம் அப்படி.

போனில் முரளியிடம் மெல்லச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"பதிவையெல்லாம் தூக்கிடுங்க. கேள்விக்கு மட்டும் பதில் போகட்டும். ஒரே பட்டன்தானே?"

ஒரே பட்டன்தான், விரலும் அதன் மேல்தான் இருந்தது. துளசிமணியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு தடவை இதே போலத் தனியாக நின்று பார்த்திருப்பார். அந்த அம்மாள் கேட்டது நியாயம். ஆனால் அந்தப் பதினேழும் அந்த அம்மாளுடையது இல்லை, என்னுடையதும் இல்லை, ரங்கராஜுடையது. அவர் பார்த்தது, அவர் கேட்டது. விரலை எடுத்துவிட்டேன்.

வில்லை திறந்தது. வரிசை மளமளவென்று கரைந்தது.

"ஆடிப் பதினெட்டு" என்றார் ரங்கராஜ், காயிலைப் பார்த்தபடியே. "கரண்டு போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. நீ டார்ச் புடிச்சே." பிறகு நிமிர்ந்தார். துளசிமணியைப் பார்த்தார். "உன்ற மோட்டாரை உனக்கே நாளைக்கு வந்து வாங்கிக்கங்கன்னா சொல்லிட்டிருந்தேன்?"

துளசிமணி சிரித்துவிட்டார். ரங்கராஜ் சிரிக்கவில்லை.

"கண்ணு அசந்துட்டேன்னு சொல்லுவியே அம்மணி. அதெல்லாம் இதுதானா?"

துளசிமணி திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நினைவில் வைக்க எனக்கு எந்த வில்லையும் வேண்டாம். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார்.

"எத்தனை தடவை?"

"எட்டுங்க."

ரங்கராஜ் காயிலைப் பலகையில் வைத்தார். கையைத் துணியில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"உன்னை உக்காரவாச்சும் சொன்னனா?"

"நாலு தடவை சொன்னீங்க" என்றார் துளசிமணி. சொல்லிவிட்டு அழுதார். நான் மடிக்கணினியை மூடிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு துளசிமணி என்னிடம் பேசவில்லை. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. வாக்குத் தவறியவளுக்கு அது வேண்டியதுதான் என்று இருந்தேன். புது நிரல் ஆறாயிரம் பேருக்கும் போயிற்று. முரளிதரனுக்குப் பாராட்டு வந்தது, அதில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து ரங்கராஜின் வில்லை ஒருமுறை தானாக மூடித் திறந்தது. பதிவைப் பதறிப்போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு கேள்வி. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி காத்திருந்து பதில் வாங்கியிருந்தது. யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. அன்று சாயங்காலம் ஒரு டப்பா மாவு ஆபீஸ் வாசலுக்கு வந்தது. பின்னாலேயே போனும் வந்தது.

"அக்கா, இன்னைக்கும் ஆச்சுங்க" என்றார் துளசிமணி. மேடம் அக்காவாகிவிட்டதைக் கவனித்தும் கவனிக்காதவள் மாதிரி இருந்தேன். இந்த முறையும் மாவுக்காரி என்றுதான் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. அவராத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டாரு. நீங்க ஆருன்னு இன்னும் வரலீங்க, வந்துரும், அதுவரைக்கும் உக்காருங்க, போயிராதீங்கன்னாரு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"உக்காந்துட்டேனுங்க" என்றார்.